தன்னைச் சொல்ல ஒரு வார்த்தை

1

போன வாரம் ஒரு சாயங்காலம் சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இங்கிலாந்தின் லீட்ஸில் டிசம்பர் என்றால் நாலு மணிக்கே விளக்கைப் போட்டாக வேண்டும். மனைவி உமா வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. மகள் மீனா மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிவந்து அடுப்பு மேடையில் வைத்தாள். பதினொரு வயது. பள்ளி முடிந்ததும் வாரம் ஒரு நாள் புரோகிராம் எழுதக் கற்றுத்தருகிறார்கள். அதில் சேர்ந்திருக்கிறாள்.

“அப்பா, இந்த செல்ஃப் எதுக்கு? எல்லா லைன்லயும் வருது. மிஸ் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணாங்க. எனக்குப் புரியல.”

கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களுக்கும் இதைச் சொல்லிவிடலாம். பஸ் என்று பொதுவாக ஒரு மாதிரி எழுதி வைக்கிறோம். அதிலிருந்து எத்தனை பஸ் வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம். சிதம்பரம் போவது ஒன்று, பண்ருட்டி போவது ஒன்று. ஆள் ஏறினால் ஒரு சீட்டு குறைய வேண்டும் என்பதை மாதிரியில் ஒரே தடவை எழுதினால் போதும். ஆனால் எந்த பஸ்ஸின் சீட்டு? ஆள் எதில் ஏறினாரோ, அந்த பஸ்ஸின் சீட்டு. அந்த பஸ் தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டும். அதுதான் செல்ஃப். சில கம்ப்யூட்டர் மொழிகளில் திஸ், அதாவது ‘இது’, என்பார்கள்.

“ஒரு பஸ்ஸுன்னு வச்சிக்கோ” என்று ஆரம்பித்தேன்.

“ஓ, சபா மாமா பஸ்ஸா? அப்ப சரி, தெரியும்” என்றாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் மாவுக் கையோடு நின்றேன். இந்த மாதக் கடைசி வந்தால் புயலடித்து ஒரு வருஷம். உமா அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. ஆனால் எழுதலாம் என்று தோன்றியது.

2

சபாபதி உமாவின் தம்பி. சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் அவர்கள் வீடு. கோயிலில் சாயரட்சை மணி அடிக்கும்போது ஃபோன் பேசினால் அது ஓயும்வரை இரண்டு பக்கமும் சும்மா இருக்க வேண்டியதுதான். டிப்ளமா முடித்துவிட்டு எல்லோரும் சென்னைக்குப் போனபோது சபா போகவில்லை. கேட்டால், “அங்க போனா தண்ணி சேராது மாமா” என்பான். அவ்வளவுதான் காரணம்.

நான் கடலூர்க்காரன், மஞ்சக்குப்பம். அப்பா அம்மா காலமான பிறகு கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டோம். மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு பெரிய அறை சும்மா கிடந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் படிக்க யார் யாரோ ஃபீஸ் கட்ட முன்வந்தார்கள். சொல்லிக்கொடுக்கத்தான் இடமில்லை. சபா வந்து அந்த மாடி அறையைக் கேட்டான். பழைய கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் வாங்கிப் போட்டு சென்டர் தொடங்கினான். அடுத்த வருஷம் எனக்கு லீட்ஸில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து நாங்கள் மூவரும் விமானம் ஏறினோம்.

2009இல் லீவில் போயிருந்தபோது ஒருநாள் அவன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பிச்சாவரத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து செல்வி என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். பலகையில் ஒரு கணக்கு. மார்க் முப்பத்தைந்தோ அதற்கு மேலோ இருந்தால் பாஸ் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஃபெயில். அவளுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. வாயால் ஒழுங்காகச் சொன்னாள். எழுத வந்ததும், இல்லாவிட்டால் என்பதற்கான ‘எல்ஸ்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

“அதுக்கு ஸ்பெல்லிங் மறந்துபோச்சு சார்.”

சபா பலகைக்குப் போனான். பலகையில் இருந்த ஆங்கில வார்த்தைகளை உள்ளங்கையால் அழித்தான். அந்த இடங்களில் ‘இருந்தாக்கா’ என்றும் ‘இல்லாங்காட்டி’ என்றும் எழுதினான். வகுப்பே சிரித்தது. செல்வி சிரிக்காமல் கடகடவென்று மீதியை எழுதி முடித்தாள்.

“இப்ப இத கம்ப்யூட்டர் ஒத்துக்குமா சார்?” என்று கேட்டாள்.

சபா திரும்பி என்னைப் பார்த்தான்.

3

அப்படி ஆரம்பித்ததுதான். எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிற ஒரு கம்ப்யூட்டர் மொழி. ஊரில் ஓடுகிற ஆற்றின் பேரையே வைத்தோம்: கெடிலம். உள்வேலை முழுக்க நான். வார்த்தைகள் முழுக்க அவன். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே காலை, அங்கே சாயங்காலம். இணையத்தில் பேசிக்கொண்டே செய்வோம். திரையில் காட்ட ‘சொல்லு’. சுற்றிச் சுற்றி வருவதை நிறுத்த ‘போதும் வுடு’. தப்பு நடந்தால் திரையில் ‘இன்னாமோ இடிக்குது’ என்று வரும். அந்த வாக்கியத்தைப் பார்ப்பதற்காகவே பிள்ளைகள் வேண்டுமென்று தப்பு செய்வதாக ஒருநாள் வருத்தப்பட்டான்.

எனக்கு இது விளையாட்டு. ஆபீஸில் நாள் முழுக்க ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறேன். அங்கே கூட்டங்களில் நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சரிபார்த்து முடிப்பதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தத் தயக்கமே இருக்காது. அவனுக்கு அது விளையாட்டில்லை. திங்கட்கிழமை காலை அவன் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

எளிய வேலைகளுக்கெல்லாம் மொழி தயாரானது. அதன் பிறகு மாதிரிகள், அவற்றிலிருந்து உண்டாகும் பொருள்கள் என்று மேலே போனபோது, 2011 மழைக்காலத்தில், அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டோம். ஓடிக்கொண்டிருக்கிற பொருள் தன்னைச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை.

நான் ‘தன்’ என்றேன். தன் சீட்டு, தன் நம்பர். இலக்கணப்படி குறையே சொல்ல முடியாது.

“தன்னுன்னு எவன் மாமா பேசறான்? பரிச்ச பேப்பர்லதான் வருது அது” என்றான்.

“அப்ப நீ சொல்லு.”

“நம்ம.”

“நம்மன்னா ரெண்டு பேர் ஆயிடும் சபா. கேக்கறவனையும் சேத்துக்கிற வார்த்தை அது. இங்க ஒரே பஸ்ஸுதான.”

“நம்ம ஊட்டுக்கு வாங்கன்னு கூப்புட்றோம். ரெண்டு பேர் ஊடா அது? கூப்புட்றவன் ஊடுதான். நம்ம கையில ஒண்ணும் இல்லன்னா யார் கையி? சொல்றவன் கையி. நம்ம பக்கம் எவனாவது ‘என் வீடு’ன்னு பேசி நீங்க கேட்டுருக்கீங்களா?”

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. என் அப்பா சொந்தக் கையால் கட்டிய வீட்டை என்னிடமே நம்ம வீடு என்றுதான் சொன்னார், வெளியாரிடமும் அப்படித்தான் சொன்னார்.

மீனாவுக்கு மூன்றாவதாக ஒரு யோசனை இருந்தது. அவள் ஃபோனை எடுத்தால், “மாமா, இது மீனா” என்பாள். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும். அதையே தமிழில் சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

“இதுன்னா ஆடு மாடும்மா. நான் மீனா பேசறேன்னு சொல்லு” என்று சபா ஒவ்வொரு தடவையும் திருத்துவான்.

“நான்னு சொன்னா யாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாரும்தான் நான்.”

“கொரல வச்சிதான்.”

“கம்ப்யூட்டருக்கு குரல் இல்லல்ல. அப்ப இதுன்னு வைங்க” என்றாள்.

சபா சிரித்தான். ஆனால் அடுத்த வாரமே பலகையில் பஸ் படம் போட்டு, ‘நம்ம சீட்டு’ என்று எழுதிச் சொல்லிக்கொடுத்துவிட்டான். நம்ம என்றால் எந்த பஸ் சார் என்று செல்வி கேட்டாளாம். எது ஓடுதோ அது என்றானாம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லையாம். நான் தோற்றுப்போய் ‘நம்ம’வையே எழுதிச் சேர்த்தேன்.

4

அந்த டிசம்பரில் எங்கள் பாஸ்போர்ட் மூன்றும் எங்களிடம் இல்லை. ஐந்து வருஷம் முடிந்ததும் இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். அதற்கு எல்லாவற்றையும் உறையில் போட்டு அனுப்ப வேண்டும். ஆறு மாதம்கூட ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள். இடையில் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் விண்ணப்பத்தை வேண்டாமென்று விட்டுவிட்டதாக அர்த்தம். இந்த விதியைப் படித்தபோது எங்களுக்கு என்ன அவசரம் வரப்போகிறது என்றுதான் நினைத்தோம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வியாழக்கிழமை மத்தியானம் சபா மஞ்சக்குப்பம் சென்டரிலிருந்து கூப்பிட்டான். காற்று அப்போதே ஆரம்பித்திருந்தது. பின்னால் எங்கேயோ தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம்.

“புயலுக்குப் பேரு வச்சிருக்காங்க மாமா, கேட்டீங்களா? தானே. நீங்கதான தன்னு தானுன்னு கேட்டுக்கினு இருந்தீங்க. வருது பாருங்க.”

நான் சிரித்தேன். உமா ஃபோனைப் பிடுங்கினாள்.

“சிதம்பரத்துக்குக் கெளம்புடா. அங்க தனியா இன்னா பண்ற?”

“கம்ப்யூட்டர்லாம் கெடக்குதேக்கா. சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். கீழூட்டுக்காரங்க இருக்காங்க. ஜாஸ்தியாச்சுன்னா கீழ எறங்கிக்கிறேன். அப்பா அம்மாகிட்ட பேசிட்டேன், அவுங்க கதவ சாத்திக்கினு உள்ள இருக்காங்க.”

மறுநாள் எழுந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது என்று எங்கள் தொலைக்காட்சியில் அடிவரியாக ஓடியது. அடுத்த செய்தி கால்பந்து. உமா சிதம்பரத்து எண்ணை அழுத்தினாள். பிறகு சபா, பிறகு கீழ்வீடு, பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு எண்ணும் அணைந்திருப்பதாக ஒரே பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. தமிழ்ச் சேனல்களை இணையத்தில் பிடித்தோம். மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றியிருந்த மரங்களைக் காட்டினார்கள். எந்த மூலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் பிறந்து வளர்ந்த இடம்.

உமா எழுந்து சூட்கேஸைக் கீழே இறக்கினாள். அதைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே எதுவும் எடுத்து வைக்காமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ஆபீஸ் திறந்த அன்று குடியேற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். நெடுநேரம் வாத்திய இசை கேட்டபின் ஒருவர் வந்தார். மிக மரியாதையானவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

“நெருங்கிய குடும்பமா?” என்றார்.

மனைவியின் தம்பி என்றேன். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை என்றால் ஒருவேளை எழுதிக் கேட்டுப் பார்க்கலாம், அப்போதும் உறுதியில்லை என்றார். தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாத ஒன்றுக்கு எப்படி எழுதுவது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எனக்கே அது கேட்டது. பாஸ்போர்ட் வேண்டுமென்றால் விண்ணப்பம் போய்விடும். திரும்பி வர முடியுமா என்பதற்கு அவர் பொறுப்பில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கடைசியில் கேட்டார். நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

5

அதற்கு அடுத்த நாள் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன் வந்தது. சபாதான். ஜெனரேட்டர் வைத்து செல்ஃபோன்களுக்கு சார்ஜ் ஏற்றித்தருகிற ஒரு கடையின் வாசலில் நின்று, யாருடைய ஃபோனிலோ பேசினான்.

“அக்கா, அப்பா அம்மா நல்லாருக்காங்க. சிதம்பரத்துல ஓடு கொஞ்சம் போச்சு, அவ்ளோதான். இங்க மாடி ரூம்பு இல்ல. மேல ஒரு ஷீட்டுகூட இல்ல.”

“நீ எப்பிடிடா இருக்க?”

“நம்மளுக்கு ஒண்ணும் ஆவல.”

உமா ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நம்மளுக்குன்னா யாருக்குடா? உனக்கா?”

“நம்மளுக்குதான்க்கா. ஆள் காத்துக்கினு இருக்காங்க, ஃபோன குடுக்கணும். வெச்சிடறேன்.”

மீனா சோபாவிலிருந்து, “மாமா ஓகேவா?” என்று கேட்டாள். உமா ஓகேதான் என்றாள். அன்று அவள் தூங்கினாள். நான் அந்த வார்த்தையை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை வாரம் அதை வைத்து வாதாடினோம். சொல்கிறவனையும் அது குறிக்கும். வீட்டையும் குறிக்கும், எல்லோரையும் குறிக்கும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் இருக்கவும் அது உதவும் என்பது எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

உமாவின் அம்மாவை நான் அத்தை என்பேன். உண்மை அவர் வாயிலிருந்துதான் வந்தது, பொங்கல் நெருங்கும்போது. விடிகிற நேரத்தில் கூரை தூக்கிக்கொண்டதும் அவன் கீழே இறங்கிவிட்டான். பிறகு இரண்டு கம்ப்யூட்டர் பெட்டிகளையாவது எடுத்துவிடலாம் என்று மறுபடி மேலே போயிருக்கிறான். உடைந்த ஷீட் ஒன்று வந்து வலது மணிக்கட்டில் இறங்கியது. கீழ்வீட்டுக்காரர் துண்டால் கட்டி, விழுந்த மரங்களுக்கு மேலே ஏறி ஏறி அவனை அழைத்துப் போனார். அன்று கிடைத்த இடத்தில் தையல் போட்டார்கள். கரண்ட் இல்லை, வாசல் முழுக்க அடிபட்டவர்கள். உள்ளே நரம்பு அறுந்திருந்தது, பொங்கலும் கழிந்து, புயலடித்து ஒரு மாதம் ஆனபின் புதுச்சேரியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறுபடி அறுத்துத் தைத்தார்கள். நாள் கடந்துவிட்டது, பார்க்கலாம் என்றார்கள்.

“நீ ஏன்டா சொல்லல?” என்று, அத்தை சொன்ன அன்று உமா அவனிடம் கத்தினாள்.

“சொன்னா நீ இன்னாக்கா பண்ணுவ? வர முடியாதுல்ல” என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அதுதான் காரணம். அவள் ஃபோனை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

6

ஏப்ரலில் பாஸ்போர்ட்டுகள் வந்தன. இனி எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நாங்கள் இங்கே இருக்கலாம். ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

மே மாதக் கடைசியில் மீனாவுக்குப் பள்ளி விடுமுறை வந்ததும் கிளம்பினோம். சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கார். அந்த மாதத்தில் பண்ருட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அப்படியொரு பலாப்பழ வாசனை அடிக்கும். இந்தத் தடவை டிரைவர் சொல்லித்தான் ஊர் வந்தது தெரிந்தது. முந்திரித் தோப்புகள் இருந்த இடத்தில் வெயில்தான் இருந்தது.

சபா சிதம்பரத்தில் கீழ வீதியில் ஒரு ரீசார்ஜ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இடது கையால் எண்களை அழுத்திக்கொண்டிருந்தான். வலது கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தான். மீனாவைப் பார்த்ததும் எழுந்து, “இன்னாம்மா, இது மீனாவா?” என்று கேட்டான். அவள் சிரித்தாள். பதிலுக்கு ஏதோ தொடங்கினாள். அவள் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் தேடினாள். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

அவனுக்காக ஒரு மடிக்கணினி கொண்டுபோயிருந்தேன். அதில் கெடிலத்தைப் போட்டு, கொஞ்சம் செப்பனிட்டு வைத்திருந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அதைத் திறந்து காட்டினேன். பஸ் புரோகிராமை ஓடவிட்டேன். சீட்டு குறைந்துகொண்டே வந்தது. கடைசிவரை பார்த்தான்.

“நல்லாருக்கு மாமா. ஆனா இன்னாத்துக்கு?”

“பிள்ளைங்களுக்குத்தான். திரும்ப ஆரம்பிக்கலாமே. கூரை நான் போட்டுத் தரேன்.”

“செல்வி பாண்டியில துணிக்கடையில பில்லு போட்றா. மத்ததுங்கள்லாம் எங்க போச்சுன்னே தெரியல. குப்பத்துல படகு, வல எல்லாம் போயிருக்குது. அவுங்கள கூப்ட்டு நான் எந்த வாயால இல்லாங்காட்டின்னு எழுத சொல்லித்தர்றது?” மடிக்கணினியை மூடிவிட்டு, “அங்க உங்க பக்கம் எதாவது வேல கெடைக்குமா மாமா? எதா இருந்தாலும் பரவால்ல” என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் தனக்காகக் கேட்ட முதல் விஷயம் அது. டிப்ளமாவுக்கு அங்கே விசா கிடையாது. விசாவுக்குக் கேட்கிற சம்பளத்தை எந்தக் கம்பெனியும் தராது. அந்தக் கையைப் பற்றியும் கேட்பார்கள். எல்லா விதியும் எனக்கு மனப்பாடம். சொல்லத்தான் தெரியவில்லை.

“பாக்கறேன் சபா” என்றேன்.

அவன் புரிந்துகொண்டான். அத்தை தட்டை வைத்ததும் இட்லியை இடது கையால் பிட்டுச் சாப்பிட்டான். ‘இடக்கையால சாப்பிடறான் பாரு’ என்று அத்தை எப்போதோ சொல்லிச் சொல்லி விட்டுவிட்டிருக்க வேண்டும், இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவன்கூடவே புதுச்சேரிக்குக் கைப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி தருகிற பெண் விரல்களை மடக்கச் சொன்னார். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. விரல்கள் பாதிவரை வளைந்தபடியே இருந்தன, மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

“சொல்றேன் மேடம். கேக்க மாட்டேங்குது” என்றான்.

7

கிளம்புகிற அன்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவன்தான் வந்தான். அத்தையும் மாமாவும் வெயிலில் வேண்டாமென்று வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பெரிய பெட்டியை இடது கையால் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்தான். நான் பிடிக்கப் போனபோது, “வுடுங்க மாமா” என்றான். உமா அவன் தலையைத் தொட்டாள். “வேளைக்கு சாப்புடு” என்று மட்டும் சொன்னாள்.

மீனா ஜன்னலோர சீட்டில் இருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் பின்னால் போய்த் திரும்பியது. சபா ஒதுங்கி, டீக்கடை நிழலில் நின்றான். அங்கிருந்து வலது கையை உயர்த்தி ஆட்டினான். விரல்கள் பாதி வளைந்திருந்ததால், கை மேலும் கீழும் ஆடியபோது அது அனுப்பிவைக்கிற மாதிரி இல்லை.

“அப்பா, மாமா கூப்பிடறாரு” என்றாள் மீனா. “வான்னு சொல்றாரு. இறங்கணுமா?”

உமா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பஸ் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“இல்லம்மா. டாட்டா காட்டறாரு” என்றேன்.

அவள் நம்பவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.